ஆய்வுகூடச் சாவி யாரிடம்? மட்டக்களப்பு, அம்பாறை வளாகங்களின் தொழில்முனைவு உதவி பற்றி ஒரு மதிப்பீடு

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ அறிவித்தல் பலகைக்கு முன்னால் நின்றால், "இளம் தொழில்முனைவோருக்கான செயலமர்வு" என்ற சுவரொட்டி கண்ணில் படாமல் போகாது. மண்டபம், பதாகை, மங்கள விளக்கு, மத்தியானம் சோத்துப் பார்சல், பின்னேரம் சான்றிதழ். ஒழுங்கமைப்பில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் வீட்டுச் சுவரில் நாலு சான்றிதழ் தொங்கும், தொழில் ஒன்றும் தொடங்கியிருக்காது. இரண்டு மாவட்டத்து வளாகங்களும் கல்லூரிகளும் தொழில் தொடங்க நினைக்கும் மாணவருக்குத் தருகிற சேவையை, காசு கொடுத்து வாங்கினால் தேறுமா என்ற கணக்கில் இங்கே பார்க்கிறோம். புள்ளியை முதலிலேயே போட்டுவிடலாம்: பேச்சுக்குப் பத்துக்கு எட்டு, கதவு திறந்துவிடுவதற்குப் பத்துக்கு மூன்று.

கையில் உள்ள சரக்கு மோசமில்லை. கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியபோதே விவசாயமும் விஞ்ஞானமும்தான் அதன் முதல் பீடங்கள். 1986இல் அது முழுப் பல்கலைக்கழகமானது. வணிகமும் முகாமைத்துவமும் பின்னால் வந்து சேர்ந்தன. ஒலுவிலைத் தலைமையிடமாகக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் கல்லூரியாகத் தொடங்கியது. அங்கே முகாமைத்துவம், பொறியியல், தொழினுட்பம் எல்லாம் உண்டு; பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். உயர் தொழினுட்பக் கல்வி நிறுவகங்கள் மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் இருக்கின்றன, அம்பாறையில் அதே வகையைச் சேர்ந்த ஹார்டி நிறுவகம் இருக்கிறது. இவற்றுக்கு மேல் தொழினுட்பக் கல்லூரிகள். பொருளைச் செய்யத் தெரிந்தவர், சோதிக்கத் தெரிந்தவர், விற்கத் தெரிந்தவர் எல்லாரும் ஒரு பஸ் பயணத் தூரத்துக்குள்தான் இருக்கிறார்கள். ஒருவர் வாசலை மற்றவர் மிதிப்பதில்லை, அவ்வளவுதான்.

மாணவர் முதலில் போய் நிற்கும் மேசை இரண்டு. ஒன்று தொழில் வழிகாட்டல் அலகு. மற்றது பல்கலைக்கழக வணிக இணைப்புப் பிரிவு, எல்லாரும் சொல்வது யூ.பி.எல். 2017 முதல் 2023 வரை உலக வங்கி நிதியில் நடந்த அஹெட் என்ற உயர்கல்வி மேம்பாட்டுத் திட்டத்தில் நாட்டின் அரச பல்கலைக்கழகங்களில் இந்தப் பிரிவுகள் வலுப்பெற்றன. முதலாவது மேசை சுயவிபரக் கோவை, நேர்முகத் தேர்வு, பயிற்சி இடம் என்று வேலை தேடுபவருக்காகவே பழகியது. இரண்டாவது மேசையின் மொழி ஆராய்ச்சி, காப்புரிமை, கம்பனிகளுடன் உடன்படிக்கை. அதாவது விரிவுரையாளரின் கண்டுபிடிப்புக்கு ஏற்றது. இரண்டாம் வருட மாணவி ஒருத்தி தயிர் விற்கும் யோசனையோடு போனால் இவர் அங்கே போகச் சொல்வார், அவர் இங்கே போகச் சொல்வார். எனவே போகும்போது "எனக்கு ஒரு யோசனை இருக்கு" என்று போகக்கூடாது. "புளிப்பு அளக்கும் பி.எச். மீற்றர் வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் வேணும், யாருடைய கையெழுத்து வேணும்?" என்று போகவேண்டும். குறிப்பான கேள்விக்குத்தான் குறிப்பான பதில் வரும்.

தயிர் என்று தொடங்கியாயிற்று, அதையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். எருமைத் தயிர், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் பழைய சொத்து. சட்டித் தயிரை 250 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் கோப்பையில் மூடிபோட்டு, லேபல் ஒட்டி, நகரத்துக் கடைகளுக்குப் போடுவது முகாமைத்துவ மாணவர் குழுக்களுக்கு அடிக்கடி தோன்றும் யோசனை. வணிகத் திட்டம் 40 பக்கத்தில் அழகாக இருக்கும், போட்டியில் பரிசும் விழும். முதல் வாரமே கோப்பையின் மேல் விரல்கடை அளவு தண்ணி நிற்கும்.

ஏன் என்று நடுவர் மேசையில் யாரும் கேட்பதில்லை. மண் சட்டியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அது தயிரின் நீரை உறிஞ்சி வெளியே ஆவியாக்கி, கூடவே குளிர்ச்சியும் தருகிறது. பிளாஸ்டிக்கில் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. அப்போது பாலே திடமாக இருக்கவேண்டும். எருமைப் பாலில் மொத்தத் திண்மம் 16, 17 வீதம். பசுப்பாலில் 12, 13. கொண்டுவருபவர் கொஞ்சம் பசுப்பாலைக் கலந்தாலோ, தண்ணீர் சேர்த்தாலோ சட்டி அதை மன்னிக்கும், கோப்பை மன்னிக்காது. அடுத்தது சூடு. 85 முதல் 90 பாகை செல்சியஸில் 20, 30 நிமிடம் வைத்தால்தான் புரதம் நீரைப் பிடித்து வைக்கும் வலையாக மாறும். பொங்கியதும் இறக்குகிற வீட்டுப் பழக்கம் இங்கே போதாது. பிறகு 42, 43 பாகைக்கு ஆறவிட்டு 2 அல்லது 3 வீதம் உறை ஊற்றி, கோப்பையில் நிரப்பி, 4 முதல் 6 மணித்தியாலம் அசைக்காமல் வைக்கவேண்டும். பி.எச். 4.6 அளவுக்கு இறங்கியதும் குளிரில் வைக்கவேண்டும். இறுகுமுன் மோட்டார்சைக்கிளில் கட்டி மேடுபள்ளத்தில் ஓடினால் அந்த வலை உடைந்து நீர் கக்கும். நேற்றைய தயிரையே மாதக்கணக்கில் உறையாக ஊற்றினால் புளிப்பு நாளுக்கொரு விதமாக வரும். வாடிக்கையாளர் அதைத்தான் முதலில் கவனிப்பார்.

இவ்வளவும் விவசாயமோ உணவு விஞ்ஞானமோ படிக்கிறவர்களுக்குப் பாடப் புத்தகம். பாலில் தண்ணீர் கலந்ததைக் காட்டும் லக்டோமீற்றர், வெப்பமானி, பி.எச். மீற்றர், கொழுப்புப் பார்க்கும் கெர்பர் குழாய் எல்லாம் அவர்களுடைய ஆய்வுகூட அலுமாரியில் கிடக்கின்றன. சாவி யாரிடம் என்பதுதான் கேள்வி.

சாவி பெரும்பாலும் தொழினுட்ப உத்தியோகத்தரிடம். அவர் மறுப்பதற்குக் காரணம் கெட்ட மனம் அல்ல. உபகரணம் அவர் பொறுப்பில் பதிவேட்டில் இருக்கிறது, உடைந்தால் விளக்கம் கொடுப்பது அவர். நாலு மணிக்குப் பிறகு நின்றால் மேலதிக நேரக் கொடுப்பனவு யார் தருவது என்பதும் தெரியாது. இதற்கு மருந்து பெரிய கொள்கை ஆவணம் இல்லை, ஒரு பக்க உடன்படிக்கை போதும். எந்த உபகரணம், வாரத்தில் எந்த நாள் எத்தனை மணி, பாவிக்கும் இரசாயனத்துக்கு யார் காசு, உடைந்தால் யார் பொறுப்பு, உத்தியோகத்தரின் நேரத்துக்கு என்ன கணக்கு. துறைத் தலைவர் கையெழுத்து, மாணவர் கையெழுத்து, பிரதி உத்தியோகத்தரிடம். இந்தத் தாளைத் தயாரித்துக் கொடுக்கும் பிரிவு, பத்துச் செயலமர்வு நடத்தும் பிரிவைவிட மேல்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். ஆய்வுகூடம் சோதிப்பதற்கு, விற்பதற்குச் செய்வதற்கு அல்ல. இரசாயனம் இருக்கும் அறையில் செய்த உணவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. தயாரிப்புக்கு வேறு இடம் பார்க்கவேண்டும்.

எத்தனை நாள் தாங்கும் என்று லேபலில் போடுவதும் ஆய்வுகூடத்தில் தீர்மானிக்கவேண்டியது. பக்கத்துக் கம்பனிக்காரரின் கோப்பையைப் பார்த்து "10 நாள்" என்று எழுதுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. சரியான வழி இலேசானது. ஒரே தொகுதியில் 15 கோப்பை எடுத்து 4 பாகையில் வையுங்கள். 0, 3, 6, 9, 12ஆம் நாட்களில் மூன்று மூன்றாகத் திறந்து பி.எச்., மணம், சுவை, மேலே பூஞ்சை என்று பதியுங்கள். இன்னொரு 15 கோப்பையைக் கடைக் குளிர்சாதனப் பெட்டியில், கதவு திறந்து மூடிக்கொண்டிருக்கும் நிலையில் வையுங்கள். இரண்டில் குறைந்த நாளே லேபலுக்கு. பூஞ்சை, மதுவம், கோலிபோம் பற்றீரியா எண்ணிக்கைக்கு முறையான அறிக்கை தேவைப்பட்டால் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழினுட்ப நிறுவகம் போன்ற இடத்துக்கு மாதிரி போகவேண்டும். குளிர்ப்பெட்டியில் ஐஸ் போட்டு இரவு பஸ்ஸில் அனுப்பினால், காலையில் கையேற்க ஆள் நிற்கவேண்டும். அனுப்பமுன் போன் எடுத்து நாளை உறுதிசெய்யாமல் மாதிரி புளித்துப் போன கதைகள் ஏராளம்.

இனி விலைக் கணக்கு. செயலமர்வுகளில் விலைமதிப்புக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குகிறார்கள், ஆனால் உதாரணம் எப்போதும் கேக் அல்லது ரீசேர்ட். தயிருக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக வைத்தவை. பால் 10 லீற்றர், லீற்றர் 200 ரூபாப்படி 2,000. சிந்துவதும் பாத்திரத்தில் ஒட்டுவதும் போக 38 கோப்பை தேறும். மூடியோடு கோப்பை 18 ரூபா, மொத்தம் 684. லேபல் 6 ரூபா, 228. காஸ் 250, உறை 50. கூட்டினால் 3,212, கோப்பைக்கு 84 ரூபா 50 சதம். கடைக்கு 100க்குப் போட்டால் 588 ரூபா மிச்சம் என்று தாள் சொல்லும். ஆனால் தயிர் திருப்பி எடுக்கும் சரக்கு. விற்காத கோப்பையைக் கடைக்காரர் உங்கள் கையிலேயே தருவார். ஐந்து திரும்பினால் வரவு 3,300தான். ஐஸும் பெற்றோலும் 400. இப்போது மிச்சம் 588 அல்ல, 312 ரூபா நட்டம். காலை நாலு மணிக்கு எழும்பி நின்றவரின் கூலி இன்னும் கணக்கில் ஏறவேயில்லை.

அதோடு கடைக்காரர் காசைக் கையோடு தரமாட்டார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கணக்குத் தீர்க்கிறார் என்று வைத்தால், நாளுக்கு 3,612 ரூபாப்படி 14 நாளில் 50,000 ரூபாவுக்கு மேல் தெருவில் நிற்கும். பரிசுக் காசு 25,000 வாங்கிய குழு ஏழாம் நாள் பால்காரரிடம் கடன் சொல்வது இதனால்தான். திரும்பும் சரக்கும் கடன் நாளும் இல்லாத வணிகத் திட்டத்துக்குப் பரிசு கொடுப்பது மாணவருக்குச் செய்கிற தீங்கு என்றே சொல்வோம்.

காசு பற்றி வளாகங்கள் வெளிப்படையாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அரச கல்வி நிறுவனத்தின் ஊடாக வரும் ஆரம்ப நிதி பெரும்பாலும் மாணவர் கைக்கு வராது. நிதிப் பிரமாணப்படி விலைமனு கோரி, வழங்கல் பிரிவு வாங்கி, பொருள் நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறும். கோப்பை மூடும் இயந்திரம் அந்தப் பதிவேட்டில் ஏறிவிட்டால், நீங்கள் பட்டம் பெற்று வெளியேறும்போது அது உங்களோடு வராது. எனவே நிதிக்கு விண்ணப்பிக்கும்போதே இயந்திரத்தைக் கேட்காதீர்கள். சோதனைக் கட்டணம், மூலப்பொருள், அச்சு, போக்குவரத்து என்று செலவழிந்து தீரும் தலைப்புகளில் கேளுங்கள். இயந்திரத்துக்குப் பிரதேச செயலகத்திலுள்ள சிறு தொழில் முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தரையோ கைத்தொழில் அபிவிருத்திச் சபையையோ நாடுவது நல்லது.

பதிவு விஷயத்தில் உதவி அறவே போதாது. இத்தனைக்கும் இது இலேசான வேலை. வியாபாரப் பெயர்ப் பதிவு, தொழில் நடக்கும் இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில். விண்ணப்பப் படிவம், அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், இடத்தின் உறுதிப் பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ உரிமையாளரின் சம்மதக் கடிதமோ. மாணவர் சிக்குவது இடத்தில்தான். விடுதி முகவரி செல்லாது. சொந்த வீடு ஹற்றனிலோ கிளிநொச்சியிலோ இருக்கும். செங்கலடியில் வாடகை அறை தந்தவர், வரி வந்துவிடும் என்ற பயத்தில் சம்மதக் கடிதம் தரமாட்டார். வளாகம் தன் கட்டடத்தில் ஒரு சிறு அறையைத் தொழில் முகவரியாக எழுதிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். கேட்டுப் பாருங்கள், எழுத்தில் மறுப்பதற்குக்கூட யாரும் தயாராக இருக்கமாட்டார்கள், ஆனால் கேள்வி கோவையில் ஏறும்.

முகவரி தீராமல் லேபல் அடிக்கவேண்டாம். உற்பத்தியாளர் பெயர், முகவரி, நிகர அளவு, சேர்பொருள்கள், தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, அதிகூடிய சில்லறை விலை எல்லாம் அதில் வரவேண்டும். மலிவென்று 1,000 லேபலை ஒரேயடியாக அடித்து, முகவரி மாறி 6,000 ரூபாவைக் குப்பையில் போட்ட குழுக்கள் உண்டு. முதல் இருநூறை வளாக வாசல் கடையில் சாதாரண ஸ்டிக்கரில் எடுத்து, திகதியை முத்திரை குத்துங்கள். நீர்படும் கோப்பைக்குத் தாள் ஸ்டிக்கர் உரியும், பிளாஸ்டிக் ஸ்டிக்கர்தான் நிற்கும். பெரிய சுப்பர் மார்க்கட் வரை போக எண்ணமிருந்தால் பார்கோட் வேண்டும். இலங்கையில் வழங்கப்படும் இலக்கங்கள் 479இல் தொடங்கும்; அதை ஜி.எஸ்.1 லங்காவிடமிருந்துதான் எடுக்கவேண்டும், இணையத்தில் மலிவாகக் கிடைப்பதை ஒட்டக்கூடாது.

மூன்று பேர் சேர்ந்து பதிந்தால் மூன்று பேரின் பெயரும் ஏறும். ஒருவர் பட்டம் முடித்து அரச வேலைக்குப் போனால் அந்த மாற்றத்தையும் பதியவேண்டும். பதியாமல் விட்டால் வங்கிக் கணக்கில் கையெழுத்துக்கு அவரைத் தேடி அலைவீர்கள். யார் எவ்வளவு போட்டார், விலகினால் என்ன கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதிவைப்பதை நண்பர்களுக்குள் அவமானமாக நினைக்கிறார்கள். அந்த அவமானம் பிறகு வரும் சண்டையைவிட மலிவு.

கண்டுபிடிப்பு சார்ந்த யோசனைகளுக்கு, அதாவது நெல் காயவைக்கும் கருவி, களப்பு நீரின் உப்பளக்கும் மானி போன்றவற்றுக்கு, யூ.பி.எல். உண்மையிலேயே பயன்படும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் காப்புரிமை விண்ணப்பம் எழுதுவது தனியாளுக்குத் தலைவலி. ஆனால் வரிசை முக்கியம். முதலில் விண்ணப்பம், பிறகு கண்காட்சி, பிறகு ஆய்வு மாநாடு. கண்காட்சியில் காட்டிவிட்டு வந்தால் ஐரோப்பா போன்ற இடங்களில் புதுமை என்ற தகுதி போய்விடும். மேற்பார்வையாளர் பெயரும் சேருமா, வருமானம் எப்படிப் பிரியும் என்பதை இறுதி வருட ஆய்வுத் தலைப்பு எடுக்கும் நாளிலேயே கேளுங்கள். மாணவர் ஊழியர் அல்லர். எனவே உரிமை யாருக்கு என்பதை நிறுவனத்தின் விதியும் நீங்கள் கையெழுத்திட்ட தாளும்தான் தீர்மானிக்கும்.

மருதமுனைக் கைத்தறியை இணையத்தில் விற்பவர்களுக்கும் மென்பொருள் செய்பவர்களுக்கும் வளாகத்தின் தயவு குறைவாகவே தேவை. தறிக்காரருக்கு ஒரே சாயத்தில் மறுபடி நெய்து தரமுடியாதது ஒன்றே பெரிய வில்லங்கம். போனில் எடுத்த படத்தில் தெரியும் நிறமும் கையில் வரும் நிறமும் ஒத்துவராமல் பொதி திரும்பும். பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தால் பாதி குறையும்.

நேரக் கணக்கை எந்த வளாகமும் சரியாகப் பிடிக்கவில்லை. 80 வீத வகுப்பு வரவு வேண்டும், பதினைந்து கிழமைத் தவணை, பிறகு பரீட்சை. எருமைக்குப் பரீட்சை தெரியாது. பரீட்சைக்காக மூன்று கிழமை சரக்கு நின்றால் கடைத் தட்டில் உங்கள் இடம் வேறொருவருக்கு. கார்த்திகை, மார்கழி மழையில் படுவான்கரைப் பாதைகள் வெட்டுப்படும் நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே வகுப்பு நண்பர்கள் சேராமல் வெவ்வேறு வருடத்தினர், முடிந்தால் வெவ்வேறு பீடத்தினர் சேர்ந்த குழுதான் தப்பும். அப்படிக் குழு சேர்த்துவிடுவதை ஒரு வேலையாகச் செய்யும் பிரிவு அரிது.

படிவமும் போட்டியும் ஆங்கிலத்தில், கொழும்பில் போய்ச் சொல்வது ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில், தயிர் விற்பது தமிழில். விலைக் கணக்கையாவது முதலில் தமிழில் எழுதிப் பழக விடலாம். ஆங்கிலத்தில் "ரிட்டன்ஸ்" என்று எழுதத் தெரிந்தவருக்கும், திரும்பி வந்த ஐந்து கோப்பையை என்ன செய்வது என்று தெரிவதில்லை.

கடைசிப் பரீட்சைக்கும் பட்டமளிப்புக்கும் இடையில் மாதக்கணக்கில் ஒரு வெற்றிடம் வரும். தொழிலுக்கு முழு நேரம் கிடைப்பது அப்போதுதான். மாணவர் அடையாள அட்டை செல்லாமல் போய், ஆய்வுகூட வாசலில் காவலர் மறிப்பதும் அப்போதுதான். நூலகக் கடன் இல்லை, விடுதிக் கடன் இல்லை என்று விடுவிப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்கித் திரியும் அந்தக் கிழமையில், துறைத் தலைவரிடம் இன்னொரு கடிதமும் கேட்டு வாங்குங்கள்: இன்ன உபகரணத்தை இன்ன திகதி தொடக்கம் ஓராண்டுக்கு, இன்ன கட்டணத்தில் பாவிக்கலாம் என்று. படிவத்தைக் கொடுத்து முடித்த பிறகு கேட்டால் நீங்கள் வெளியார்.